வீட்டை அளந்தீர்கள், ஆளை அளந்தீர்களா?

நோயாளிக்கும் முதியவருக்கும் ஏற்றபடி வீட்டை அமைப்பது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சதுர அடியைச் சொல்கின்றன. சக்கர நாற்காலியின் அகலத்தைச் சொன்னவை ஒன்றோ இரண்டோதான். அளவில்லாமல் கேட்டால் பதிலும் தோராயமாகத்தான் வரும்.

கே: அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வாங்குகிறோம். வாசலில் இரண்டடி உயரத்துக்குப் படி. கொத்தனார் ஆறடியில் சரிவு போட்டுத் தருகிறேன் என்கிறார். போதுமா?

ப: போதாது. ஒரு அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. இரண்டடிக்கு 24 அடி ஆகிறது. ஆறடிச் சரிவில் பைக் ஏறும், அப்பா ஏற மாட்டார். இறங்கும்போது நாற்காலி தள்ளுபவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நேராக இடமில்லை என்றால், திருப்பத்தில் ஐந்தடிச் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். மேலே கதவுக்கு முன்பும் அதே ஐந்தடி வேண்டும். இருபுறமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி சின்னத் திண்டு. அதற்கும் இடமில்லையா? ஒரு ஆள் நாற்காலியோடு நிற்கக்கூடிய சிறிய லிஃப்ட் பற்றி விசாரியுங்கள்.

கே: கதவு 30 அங்குலம், நாற்காலி 26. நுழையுமா?

ப: 30 என்பது கதவுப் பலகையின் அகலமா, கதவைத் திறந்து வைத்தபின் மிஞ்சும் வழியா? திறந்து நிற்கும் கதவே ஒன்றரை, இரண்டு அங்குலத்தைத் தின்றுவிடும். சக்கரத்தை அவரே உருட்டுவதானால் இரண்டு பக்கமும் முழங்கைக்கும் விரல்களுக்கும் இடம் விட வேண்டும். 32 அங்குல வழி இருந்தால் நிம்மதி. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து அளந்து, மறுபடி எழுதுங்கள்.

கே: மறதி நோய் உள்ள அம்மா, குளியலறை வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடியைத் தாண்ட மறுக்கிறார்.

ப: மிதியடியை எடுத்துவிடுங்கள். அவர் கண்ணுக்கு அது பள்ளம். கழிவறை இருக்கையும் தரையும் ஒரே வெள்ளையாக இருந்தால், இருக்கையை மட்டும் அடர் நிறத்துக்கு மாற்றுங்கள்.

கே: பக்கவாதம் வந்த அப்பா குளியலறையில் விழுந்து கதவை ஒட்டிக் கிடந்தார். திறக்க முடியாமல் உடைக்க வேண்டியதாகிவிட்டது. புதுக் கதவு போடப் போகிறோம். எந்த மரம் நல்லது?

ப: மரமா கேட்பது! எந்தப் பக்கம் திறக்கும் என்றல்லவா கேட்க வேண்டும்?

குளியலறைக் கதவு உள்நோக்கித் திறக்கக் கூடாது என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். விழுந்தவரின் உடம்பே கதவுக்குத் தாழ்ப்பாள் ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து தள்ளினால் அவர் மேல்தான் இடிக்கும். போதாக்குறைக்கு, கதவின் வீச்சு உள்ளே இருக்கும் கொஞ்ச நஞ்ச இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நாற்காலியோடு உள்ளே போனவர் கதவைச் சாத்தவே முடியாது, பாதிப் பேர் திறந்துபோட்டே குளிக்கிறார்கள். கட்டுபவர்களைக் கேட்டால், நடைவழியில் கதவு குறுக்கே நிற்கும், ஈரம் வெளியே சொட்டும் என்பார்கள். ஈரத்தைத் துடைத்துக்கொள்ளலாம் ஐயா.

முதியோருக்காகவே கட்டியது என்று ஒரு வீட்டைக் காட்டினார்கள். சுவரில் பளபளவென்று எஃகுக் கைப்பிடி. கதவைத் தள்ளினேன், நேராகப் போய்க் கழிவறைப் பீங்கானில் முட்டி நின்றது. நாற்காலியை அந்தப் பீங்கானுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வழியில்லை. கைப்பிடி யாருக்கு?

வெளியே திறக்கும் கதவு போடுங்கள், இடமில்லை என்றால் நகர்த்துக் கதவு. வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற பூட்டு வேண்டும். அடித்தாழ்ப்பாள் வேண்டவே வேண்டாம். கைப்பிடி அவருடைய வலுவுள்ள கைப் பக்கம் வர வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் தாங்கும்படி சுவருக்குள் போல்ட் இறக்குங்கள். துண்டு உலர்த்தும் கம்பி கைப்பிடி அல்ல, உறிஞ்சி ஒட்டும் ரப்பர் பிடியும் அல்ல.

கே: ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் சத்தம் போடுகிறது. திரைக்குப் பின்னால் வைக்கலாமா?

ப: கூடாது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத்தான் அது வேலை செய்கிறது. சுவர், திரையிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். அடுப்பு, சிகரெட், மெழுகுவத்தி எல்லாம் பத்தடிக்கு அப்பால். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாற்று சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கே: சிறுநீரகம் பழுதானவருக்கு வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் (வயிற்றுக்குள் திரவம் விட்டுக் கழிவை நீக்குவது) செய்யத் தனி அறை வேண்டுமா?

ப: அவசியமில்லை. கதவு, ஜன்னல் சாத்தி, ஃபேனை நிறுத்தக்கூடிய சுத்தமான இடமும், பக்கத்தில் கை கழுவக் குழாயும் போதும். நீங்கள் யோசிக்காதது திரவப் பைகள் வரும் பெட்டிகளை. இரண்டு லிட்டர் பை நாளுக்கு நான்கு என்றால் மாதத்துக்குச் சுமார் 240 லிட்டர். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அதை யார் தூக்குவது? எங்கே அடுக்குவது? வாடகை பேசும் முன்பே இதைக் கணக்குப் போடுங்கள்.

கே: தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். ஊருக்கு வெளியே விசாலமான வீடு பார்த்தோம், மேல்தளம், லிஃப்ட் உண்டு. வரமாட்டேன் என்கிறாள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ப: வைக்க வேண்டாம். எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளி தாமே தேர்ந்தெடுக்கலாம் என்று ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 19ஆம் பிரிவில் சொல்கிறது. அது இருக்கட்டும், இந்த நோயில் உடம்புச் சூடு ஏறினாலே பலருக்குக் கால் தளரும், பார்வை மங்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் தளம் அவருக்கு ஆகாது. சிகிச்சைக்கும், தோழிகள் வந்து போகவும் பக்கமாக இருக்கும் சின்ன வீடே மேல். அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.