வலைப்பூவை ஸ்பேம் என்று முடக்கிவிட்டார்கள், மீட்க முடியுமா?

கேள்வி: பல வருடமாக எழுதிவரும் என் தமிழ் வலைப்பூவை, அதற்கு இடம் கொடுத்த நிறுவனமே ஸ்பேம் என்று சொல்லி முடக்கிவிட்டது. நான் விளம்பரம்கூடப் போடுவதில்லை. திரும்பப் பெற என்ன செய்ய வேண்டும்?

மீட்க முடியும், என்னுடையது திரும்பி வந்தது. உங்களுடையதும் கட்டாயம் வரும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்நேரம் வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்கு தொடங்கி, பழைய பதிவுகளை அள்ளிக்கொண்டு போய் அங்கே கொட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வேண்டாம். தடையைச் சுற்றிக்கொண்டு வந்த ஆள் என்று அந்தக் கணக்கும் சேர்ந்து போக வாய்ப்பு அதிகம். அதற்குப் பதிலாக லாகின் ஆகிறதா பாருங்கள். பல இடங்களில் பக்கம் வாசகர்களுக்குத்தான் மூடியிருக்கும், எழுதியவர் உள்ளே போக முடியும். போக முடிந்தால், முடக்கத்தை நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு அப்பீல் அனுப்புவதற்கு முன்னால் பேக்கப் எடுங்கள். பதிவுகளும் பின்னூட்டங்களும் எக்ஸ்எம்எல் கோப்பாக இறங்கும். படங்கள் பெரும்பாலும் அதில் வராது, அவற்றின் முகவரி மட்டும்தான் இருக்கும். அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். உள்ளேயே விடவில்லை என்றால் பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும், இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடுங்கள், கொஞ்சமாவது தேறும். கூகுள் கேஷில் (கூகுள் எடுத்து வைத்திருக்கும் நகலில்) இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தேடலில் இருந்த அந்த இணைப்பை 2024இல் எடுத்துவிட்டார்கள்.

இனி என் கதை. நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி பக்கம். அப்பா காலத்திலிருந்து மாந்தோப்புதான். சீசன் தொடங்கினால் தினமும் காலையில் மண்டி விலையை வலைப்பூவில் போடுவேன். பெங்களூரா (தோத்தாபுரி என்று மற்றவர்கள் சொல்வது), செந்தூரா, அல்போன்சா, மல்கோவா என்று வரிசையாக ஒரு பட்டியல், எதிரே கிலோ விலை, கீழே வரத்து எப்படி என்று ஒரு வரி. அதற்குக் கீழே மண்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேரின் செல் நம்பர், எங்கள் வாட்ஸப் குழுவின் லிங்க். அவ்வளவுதான் பதிவு.

இதை ஸ்பேமைத் தானாகத் தேடிப் பிடிக்கும் ஒரு இயந்திரத்தின் கண்ணால் பாருங்கள். தலைப்பில் தேதி மட்டும் மாறுகிறது. உள்ளே எண்கள் மட்டும் மாறுகின்றன. மிச்சமெல்லாம் எழுத்துக்கு எழுத்து அதே. அடியில் அதே போன் நம்பர்கள், அதே லிங்க். லாட்டரி ரிசல்ட், கடன் விளம்பரம் போடுகிறவர்களின் பக்கங்களும் அச்சு அசலாக இந்த வடிவத்தில்தான் இருக்கும். பெங்களூரா என்றால் மாங்காய் என்று அதற்குத் தெரியுமா என்ன? இதனால்தான் பிடித்தார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாக ஊகித்ததுதான். ஆனால் வேறு காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. "அப்படியென்றால் தப்பு உங்கள் மேல்தானே" என்று கீழே ஒருவர் வரத்தான் போகிறார். இல்லை ஐயா. விலைப் பட்டியல் தினமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இயந்திரத்துக்குப் பிடிக்க வேண்டும் என்று செந்தூராவைப் பற்றித் தினம் ஒரு கட்டுரையா எழுத முடியும்?

முடக்கியது சரியாக ஜூன் மாதம். மாங்கூழ் தொழிற்சாலைகள் கொள்முதலை ஆரம்பிக்கும் நேரம். காலை ஏழு மணிக்கெல்லாம் போன். "ஏண்ணா, இன்னிக்கு ரேட்டு போடலையா?" ஸ்பேம் என்று அடைத்துவிட்டார்கள் தம்பி என்றால், "நெட் பேக் தீந்துபோச்சாண்ணா?" என்கிறான். அவனுக்கு எப்படி விளக்குவது?

அப்பீல் எழுதும்போது எல்லாரும் போல நானும் "நான் ஸ்பேமர் இல்லை, பல வருட உழைப்பு, தயவுசெய்து" என்றுதான் ஆரம்பித்தேன். என் அக்கா மகள் பெங்களூரில் ஐடியில் இருக்கிறாள். அவள் படித்துவிட்டு, "மாமா, ஸ்பேம் போடறவனும் இதையேதான் எழுதுவான்" என்றாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதினோம். இது மாங்காய்ச் சந்தை விலைப் பதிவேடு. பட்டியலின் அமைப்பு ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இது. போன் நம்பர்கள் வியாபாரிகளுடையவை, அவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. சந்தேகம் இருந்தால் இந்த இரண்டு தேதிப் பதிவுகளைத் திறந்து எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். தத்துப்பூச்சி பற்றி விவசாயிகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இந்தப் பதிவின் பின்னூட்டத்தில் இருக்கின்றன. அழுகை, கோபம் எதுவும் இல்லை. தமிழ் தெரியாத ஒருவர் படித்தாலும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய மாதிரி இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. சீசன் பாதி போன பிறகு ஒரு நாள் பக்கம் திறந்துகொண்டது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. நடுவில் நான் சும்மா இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அப்பீலைத் தினமும் அனுப்புவது, அதுவே ஸ்பேம் மாதிரிதான் தெரியும்.

"இலவச இடத்தில் எழுதினால் இப்படித்தான், சொந்த டொமைன் வாங்குங்கள்" என்பவர்களுக்கு: வாங்கலாம், இப்போது நானும் வாங்கிவிட்டேன். ஆனால் டொமைன் என்பது பெயர்ப்பலகை மட்டும்தான். எழுத்து இருப்பது அவர்கள் இடத்தில்தான். அடைத்தால் டொமைனும் சேர்ந்து இருட்டாகும். ஒரே லாபம், பேக்கப் இருந்தால் அதே முகவரியை வேறு இடத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம், வாசகர்கள் தொலைய மாட்டார்கள்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இருக்கிறது. கரும்புக்கு ஒவ்வொரு வருடமும் மத்திய அரசு விலை சொல்கிறது. குறைந்தபட்ச ஆதார விலைப் பட்டியலில் மா கிடையாது. 2025இல் பெங்களூரா விலை எப்படித் தரைதட்டியது என்று எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தொழிற்சாலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும், வெயிலில் காய் பழுத்துக்கொண்டே இருக்கும். டோக்கன் வாங்கும்போது ஒரு விலை, எடைமேடை ஏறும்போது ஒரு விலை. கேட்டால் "இஷ்டம் இருந்தா இறக்குங்க". திருப்பி ஏற்றிக்கொண்டு போனால் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது என்று அவர்களுக்கும் தெரியும். போன வருடம் இதே வாரம் என்ன விலை கொடுத்தீர்கள் என்று எடுத்துக்காட்ட எங்களிடம் இருந்த எழுத்து இந்த வலைப்பூதான். அதைத்தான் ஸ்பேம் என்றார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பழைய தமிழ் வலைப்பூ என்றால் ஓரத்தில் திரட்டிகளின் (பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளங்களின்) ஓட்டுப்பட்டை, வருகைக் கணக்கு காட்டும் விட்ஜெட் எல்லாம் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் திரட்டிகளில் பல மூடியாகிவிட்டன. அவற்றின் காலாவதியான டொமைனை வேறு யாராவது வாங்கி, உங்கள் வாசகரைச் சூதாட்டப் பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. டெம்ப்ளேட்டைத் திறக்க முடிந்தால் வெளியிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எடுத்துவிட்டேன் என்று அப்பீலில் ஒரு வரி சேருங்கள். அறிவிப்பு மின்னஞ்சலில் கெடு ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். இன்பாக்ஸில் இல்லையென்றால் ஸ்பேம் பெட்டியில் தேடுங்கள், எனக்கு வந்தது அங்கேதான் கிடந்தது.