ஒரே மார்க், நண்பன் ஆடப் போகிறான், என் மகன் கதவைச் சாத்திக்கொள்கிறான்

டெஸ்டில் நண்பனுக்கும் அதே மார்க்தான், ஆனால் உங்கள் 17 வயது மகன் மட்டும் சோர்ந்துபோய் அறைக்குள் அடைந்துகொள்கிறான், அவனுக்கு மூளை பலவீனமா என்று கேட்கிறீர்கள். இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பயத்தை எழுப்பும் மூளைப் பகுதியான அமிக்டலா இந்த வயதில் முழு வேகத்தில் ஓடும். அதற்குப் பிரேக் போடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணி; அது முதிர 25 வயதை ஒட்டி ஆகும். ஆளுக்கு ஆள் வேகம் மாறும்.

எனக்குச் சந்தேகம் தூக்கத்தின் மேல்தான். இரவு ஒரு மணி வரை ரீல்ஸ், விடிய ஐந்தரைக்கு வேளச்சேரி டியூஷன் என்கிறீர்கள். தூக்கம் இவ்வளவு குறைந்தால் அந்தப் பிரேக் எங்கே பிடிக்கும்?

இரண்டு வாரம் பத்தரைக்கெல்லாம் போன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். உங்கள் போனும்தான்! அடுத்த டெஸ்டுக்குப் பிறகு எத்தனையாவது நாள் சாப்பிட வந்து உட்காருகிறான் என்று காலண்டரில் குறியுங்கள்.

சோர்வு அதற்குப் பிறகும் விடாவிட்டால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 'இருந்து என்ன' என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.