டிரோன் வாங்கியாச்சு, அப்புறம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்யாண வீடியோ எடுப்பவரிடம் உதவியாளராக இருக்கிறேன். சொந்தமாக ஒரு சின்ன டிரோன் வாங்கி வயல்வெளியில் பழகுகிறேன். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் மேப் மாதிரி இருக்கிறது; வெட்டி வெட்டி ஓடுகிறது. கேமரா மட்டமா?
– வாசகர், சின்னமனூர்

பதில்: கேமராவைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. முதல் கோளாறு உயரத்தில் இருக்கிறது. வாங்கிய புதிதில் எவ்வளவு உயரம் போகும் என்று பார்க்கத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். நூறு மீட்டர் ஏறிவிட்டால் வயலும் வரப்பும் வெறும் கட்டங்கள். அதில் மனுசரும் இல்லை, வேலையும் இல்லை. எனக்குப் பிடித்த உயரம், தென்னங்கொண்டைக்கு ஒரு ஆள் உயரம் மேலே. அங்கிருந்து பார்த்தால்தான் மட்டைக்கும் அதன் நிழலுக்கும் நடுவே ஆழம் தெரியும்.

நீங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறீர்கள், நடவு நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். நாற்று நடும் பெண்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்துகொண்டே வருவார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, வரிசைக்குப் பக்கவாட்டில், அவர்கள் நகரும் அதே வேகத்தில் டிரோனையும் நகர்த்துங்கள். ரொம்பத் தாழ்ந்தால் இறக்கைக் காற்றில் தண்ணீர் சுருக்கம் விழும், சேலை பறக்கும். அதைக் கண்டதும் ஏற்றிவிடுங்கள். தண்ணீர் அசையாமல் வானத்தைக் காட்டுகிற உயரம்தான் சரியான உயரம்.

வெட்டி ஓடுவதற்குக் காரணம் உங்கள் விரல். கட்டைவிரல் நுனியால் மட்டும் தள்ளினால் ரிமோட்டின் ஸ்டிக் குதிக்கும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து, உப்பு எடுப்பதுபோலப் பிடியுங்கள். டிரோனை மெதுவாக, வழுக்கினாற்போல் நகரவைக்கும் சினி மோடில் போடுங்கள். ஒரு ஷாட்டுக்கு ஒரே ஒரு அசைவு: முன்னால் போவதென்றால் முன்னால் மட்டும். பொதுவாக நம் ஊரில் ஓட்டும் முறையில், வலது ஸ்டிக் முன்னும் பின்னும் பக்கமும் நகர்த்தும். இடது ஸ்டிக் ஏற்றும், இறக்கும், திருப்பும். புதியவர்கள் ஷாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தத் திருப்புகிற அசைவில்தான். அதைக் கடைசியில் பழகினால் போதும். நகரத் தொடங்கும் முன்பே ரெக்கார்டு அழுத்துங்கள், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும். எடிட்டிங்கில் உட்காரும்போது அந்தத் தலையும் வாலும்தான் கைகொடுக்கும்.

விரல் பழகிய பிறகும் படம் துடித்தால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தைப் பாருங்கள். ஆட்டோவில் விட்டால் நம் வெயிலுக்கு 1/1600 நொடி, அதைவிட வேகமாகவும் போய்விடும். ஒவ்வொரு ஃபிரேமும் கத்தியாக வெட்டினாற்போல் விழும். நெற்பயிர் நடுங்குவதுபோலத் தெரியும். நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 பக்கம் இருக்க வேண்டும். அதற்குத்தான் என்.டி. ஃபில்டர், லென்ஸின் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. திரையில் 1/1600 காட்டும்போது வெளிச்சத்தை 32இல் ஒரு பங்காக்கும் என்.டி.32 போட்டால் 1/50க்கு வந்துவிடும். உச்சிவெயிலுக்கு இன்னும் கறுப்பானது வேண்டும். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வயலிலிருந்து வானத்துக்குத் திரும்பும்போது ஷாட்டின் நடுவிலேயே நிறம் மாறும்.

கல்யாண வீட்டில் பறக்கவிடும் முன் கரண்ட் கம்பியும் சீரியல் செட் ஒயரும் எங்கே போகின்றன என்று நடந்து பாருங்கள். மெல்லிய கம்பியை டிரோனின் சென்சார் கவனிக்காது, ரிமோட் திரையிலும் தெரியாது. கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவே வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு கேட்டாலும்.

கேள்வி: 250 கிராமுக்குக் கீழே என்றால் எந்தச் சட்டமும் இல்லை என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: பாதிதான் உண்மை. 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ'. அதை ஓட்டப் பைலட் சான்றிதழ் வேண்டாம். அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. பொழுதுபோக்குக்கு என்றால் சான்றிதழ் தேவையில்லை, காசு வாங்கிக்கொண்டு எடுத்தால் தேவை. 249 கிராம் டிரோனில் இறக்கைக் காப்பும் பெரிய பேட்டரியும் மாட்டினால் எடை தாண்டிவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. பறக்கும் இடத்துக்கான விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் 400 அடி வரை, விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான் அனுமதி கேட்காமல் பறக்கலாம். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை இருப்பதால், கடையில் காசு கொடுக்கும் முன் 'இதற்குப் பதிவு எண் கிடைக்குமா, பில் தருவீர்களா' என்று கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆடி மாதத்தில் மேகமலையை மேலிருந்து எடுக்க ஆசை. முடியுமா?
– வாசகர், தேனி

பதில்: மேகமலை 2021இலிருந்து புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே டிரோனைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். அடிவாரத் தோட்டங்களில், உரிமையாளர் சம்மதத்தோடு எடுங்கள். காலை வெளிச்சத்தில் மலை பின்னணியில் வந்து நிற்கும்.

ஆடிக் காற்றுதான் பெரிய கவலை. சின்ன டிரோன்கள் பெரும்பாலும் மணிக்கு 38 கிலோமீட்டர் காற்று வரைதான் தாங்கும். தரையில் இலை அசையாத நேரத்திலும் மேலே காற்று பலமாக இருக்கும். அதனால் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரட்டும். டிரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் 'ரிட்டர்ன் டு ஹோம்' உயரத்தைச் சுற்றியுள்ள உயரமான மரத்துக்கும் மேலே வைத்துவிட்டுக் கிளப்புங்கள். பேட்டரி 40 சதவீதம் காட்டினால் ஷாட் பாதியில் இருந்தாலும் திருப்பிவிடுங்கள்.