காமிக்ஸ் கேள்வி பதில்: ராபின் தனிக்குடித்தனம்

கேள்வி: ‘நைட்விங்: ப்ளட்ஹேவன்’ முதல் தொகுப்பை வாங்கலாமா? பேட்மேன் கதைகள் அதிகம் படித்ததில்லை. புரியுமா?

பதில்: வாங்கலாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். 1940-இல் பேட்மேனின் உதவியாளன் ராபினாக அறிமுகமான டிக் கிரேசன், 1984-இல் நைட்விங் ஆனான். இந்த முன்கதை தெரிந்தால் போதும்.

2014-இல் வந்த இந்தத் தொகுப்பில் இரண்டு தொடர்கள் இருக்கின்றன. முதலில் வருவது 1995-இல் வந்த 4 இதழ் குறுந்தொடர். டெனிஸ் ஓ'நீல் எழுத, கிரெக் லேண்ட் வரைந்தது. பெற்றோர் சாவுக்கும் கிராவியா என்ற கற்பனை நாட்டுக்கும் தொடர்பு உண்டோ என்று டிக் தேடிப் போகிறான். சுமார் ரகம்தான். தனியாக நிற்கப் போகிறவனைப் பழைய குடும்பத் துக்கத்துக்குள்ளேயே திரும்பத் தள்ளிவிடுகிறது கதை.

சரக்கு இருப்பது அடுத்த 8 இதழ்களில். 1996-இல் சக் டிக்சனும் ஸ்காட் மெக்டேனியலும் தொடங்கிய மாதத் தொடர் இது. கொலை வழக்கு ஒன்றை விசாரிக்க டிக்கை ப்ளட்ஹேவனுக்கு அனுப்புவதே பேட்மேன்தான். ஆக, கிளம்பும்போதுகூட அவன் ‘வாத்தியார்’ சொன்ன வேலைக்குத்தான் போகிறான். ஆனால் பேட்மேனின் ஊரான காதம் நகருக்குத் திரும்பாமல், ஊழல் போலீஸும் பிளாக்பஸ்டர் என்ற தாதாவும் ஆளும் அந்த ஊரிலேயே வீடு பிடித்துத் தங்கிவிடுகிறான். கோபமாக வசனம் பேசிப் பிரிவதை விட இது எவ்வளவோ மேல். சண்டை போட்டுக்கொண்டு போகிற சீடர்களைத்தான் காமிக்ஸில் ஏகப்பட்ட பேர் பார்த்துவிட்டோமே!

மெக்டேனியலின் சித்திரங்கள் பழகக் கொஞ்சம் நேரமாகும். சாய்ந்த கட்டங்கள், கோணல் உடல்கள், அடர்ந்த கறுப்பு. சர்க்கஸில் வளர்ந்த டிக்கின் பாய்ச்சல் அதில் அருமையாக வருகிறது. ஆனால் கும்பல் சண்டையில் யார் யாரை அடிக்கிறார் என்று தேட வேண்டியிருக்கும். மாதத் தொடரின் இந்த 8 இதழ்களை, அதாவது தொகுப்பின் பின்பகுதியை, அவசரப்படாமல் படியுங்கள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் ‘நைட்விங் 1’ என்று ஓர் இதழ் இருக்கிறது. இது எந்தத் தொடர்?

பதில்: 1995, 1996 தவிர 2011, 2016-இலும் ‘1’ என்று எண் போட்டே தொடங்கினார்கள். அதனால் அட்டையை நம்ப வேண்டாம். உள்ளே பொடி எழுத்தில் பதிப்பு விவரம் அச்சிட்டிருக்கும். மாதமும் வருடமும் அதில் தெரியும். தொகுப்பாக இருந்தால், அடங்கிய இதழ்களின் பட்டியலைப் பாருங்கள். 1998-இல் வந்த பழைய பதிப்பில் மாதத் தொடரின் 1 முதல் 8 வரை மட்டும்தான் உண்டு, குறுந்தொடர் கிடையாது. கதைக்காக வாங்குபவருக்கு அதுவே போதும். கட்டு தளர்ந்திருக்கிறதா என்று நடுப்பக்கங்களை விரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.