ஆயில் சீல்: கம்பெனி பொருளா, வெளிப் பொருளா?

கேள்வி: பத்து வருடம் ஓடிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) ஓரத்திலும், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலும் ஆயில் கசிகிறது. கம்பெனி சீல் விலை கடையில் கிடைப்பதைப்போல மூன்று மடங்கு. எதை வாங்குவது?

பதில்: இரண்டு இடத்துக்கும் ஒரே பதில் இல்லை. டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்ற, பெரும்பாலான சிறிய எஞ்சின்களில் ஒரு மணி நேரம் போதும். சரியாக அமையாவிட்டால் மறுபடி கழற்றுவதும் பெரிய வேலை இல்லை. இங்கே பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் வெளிப் பொருளைத் தாராளமாகப் போடலாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும் கிராங்க் பின்பக்க சீல் அப்படியல்ல. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் இறக்கினால்தான் கைக்கு எட்டும். கூலி சீல் விலையைப் போலப் பல மடங்கு வரும். அங்கே சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பது கணக்கே இல்லை; கம்பெனி சீலைப் போடுங்கள்.

ஆனால் பின்பக்க சீல்தான் கசிகிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். டேப்பட் கவரின் பின் மூலையில் கசியும் ஆயில் எஞ்சின் முதுகில் வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில்தான் சொட்டும். எனவே முதலில் மேலே பேக்கிங்கை மாற்றி, எஞ்சினைச் சுத்தமாகக் கழுவி, 200 முதல் 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கீழே மறுபடி ஈரம் தெரிந்தால் மட்டும் கியர்பாக்ஸை இறக்கலாம். இறக்கினால் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அதற்காக இன்னொரு கூலி வேண்டாம்.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் மறக்காதீர்கள். அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, எவ்வளவு நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். சாதாரண வகை வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே டக் டக்கென்று அசைய வேண்டும். அசையவில்லை என்றால் மாற்றுங்கள். விலை குறைந்த பொருள்தான்.

கேள்வி: கார் கம்பெனிப் பெட்டியில் வருவதும் கடையில் தனியாகக் கிடைப்பதும் ஒரே சீல்தானா?

பதில்: சில நேரம் ஆம். கார் கம்பெனிகள் பொதுவாக ரப்பர் சீலைத் தாங்களே வார்ப்பதில்லை. என்ஓகே, ஃப்ராய்டன்பெர்க் போன்றவர்கள் செய்து கொடுக்கிறார்கள். ஃப்ராய்டன்பெர்க்கின் வெளிச்சந்தைப் பெயர் கார்டெகோ. பேக்கிங் வகையில் எல்ரிங், விக்டர் ரைன்ஸ் இரண்டும் நம்பகமானவை. பழைய சீலைக் கழற்றியதும் அதன் மேல் உள்ள எழுத்தைத் துடைத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும், உள் விட்டம், வெளி விட்டம், அகலம் என மூன்று அளவும் பெரும்பாலும் இருக்கும்.

அளவு ஒத்துப்போனால் மட்டும் போதாது, ரப்பரும் ஒத்துப்போக வேண்டும். மலிவான சீல் பெரும்பாலும் நைட்ரைல். ஏறக்குறைய 100 டிகிரி வரைதான் நீண்ட நாள் தாங்கும். அக்ரிலிக் சுமார் 150, வைட்டான் சுமார் 200. வைட்டான் இருந்த இடத்தில் நைட்ரைல் போட்டால் முதலில் எதுவும் தெரியாது. நாளாக ஆக, ஷாஃப்டைத் தொடும் ஓரமான சீலின் உதடு இறுகி, வெடித்து, கசியத் தொடங்கும். கடைக்காரர் எந்த ரப்பர் என்று சொல்லத் தடுமாறினால் வேறு கடை பாருங்கள். ‘ஃபுல் பேக்கிங் செட்’ வாங்கும்போது குறிப்பாக வால்வு சீலை (எஞ்சின் வால்வுத் தண்டில் மாட்டுவது) கவனியுங்கள்; மலிவான செட்டில் தரத்தைக் குறைப்பது அதில்தான். செட்டை வாங்கினாலும் வால்வு சீலைத் தனியாக நல்லதாக வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: பில், பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுத்து, பெட்டியில் ஒப்பிடுங்கள். எம்ஆர்பி, தயாரித்த மாதம், ஆண்டு, தயாரிப்பாளர் முகவரி இல்லாத பொருள் வேண்டாம். நன்றாகச் சேமித்தாலும் நைட்ரைலுக்குச் சுமார் 7 ஆண்டு, வைட்டானுக்கு 10 ஆண்டு என்பதுதான் வழக்கமான கணக்கு. வெயிலில் ஆணியில் கோத்துத் தொங்கவிட்ட சீலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. பார்ட் நம்பரோடு பில் வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: கம்பெனி சீல் போட்டும் ஒரே மாதத்தில் கசிகிறது. பொருள் மோசமா?

பதில்: பெரும்பாலும் பொருத்தியதில்தான் கோளாறு. சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டினால் சீல் சாய்ந்து உட்காரும், உள்ளே இருக்கும் சிறு ஸ்பிரிங் கழன்றுவிடும். சீலின் வெளி விட்டத்துக்கு ஏற்ற குழாயை வைத்து நேராக இறக்க வேண்டும். சாதாரண ரப்பர் உதட்டில் ஆயில் தடவிப் போட வேண்டும். டெஃப்லான் உதடு என்றால் எதிர்மாறு, உலர்ந்தபடியே போட வேண்டும். அம்புக்குறி இருந்தால் ஷாஃப்ட் சுழலும் திசைக்கு ஒத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய உதடு தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டினால் புது சீலும் கசியும். கம்பெனி கையேடு அனுமதித்தால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம்; இல்லாவிட்டால் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும். டேப்பட் கவரில் நடக்கும் தவறு வேறு: போல்ட்டை இறுக்கு இறுக்கென்று இறுக்குவது. பல கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். சிலிகான் பசையைச் சுற்றிலும் அப்ப வேண்டாம். கையேடு சொல்லும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு. மிஞ்சியது உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள வடிகட்டியை அடைக்கும்.