ஆகஸ்ட் புள்ளிப் பட்டியலை நம்பலாமா? இங்கிலாந்து கால்பந்து பிரீமியர் லீக் கேள்வி-பதில்

கேள்வி: புது மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) வந்து மூன்று ஆட்டம்தான் ஆகிறது. அதற்குள் ஒரு கூட்டம் 'கப் நமக்குத்தான்' என்கிறது, இன்னொரு கூட்டம் 'ஆளை மாற்று' என்கிறது. எத்தனை ஆட்டம் பார்த்தபிறகு ஒரு மேனேஜரை எடைபோடலாம்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: மூன்று ஆட்டப் புள்ளிகளை வைத்து எடைபோட்டால் ஏமாந்துதான் போவீர்கள். 2021 ஆகஸ்டில், சீசன் தொடக்கத்தில், டாட்டன்ஹாமுக்குப் புதிதாக வந்த நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ முதல் மூன்று ஆட்டங்களையும் 1-0, 1-0, 1-0 என்று ஜெயித்தார். 9 புள்ளி, பட்டியலில் முதலிடம், அந்த மாதத்தின் சிறந்த மேனேஜர் விருது எல்லாம் கிடைத்தது. நவம்பர் 1-ஆம் தேதி வேலை போய்விட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டில் எரிக் டென் ஹாக் தன் முதல் சீசனைத் தொடங்கினார். சொந்த மைதானத்தில் பிரைட்டனிடம் 1-2, அடுத்து பிரென்ட்ஃபோர்டுக்குப் போய் 0-4. புள்ளியே இல்லாமல் கடைசி இடம். அதே அணி சீசன் முடிவில் 75 புள்ளியோடு மூன்றாம் இடம் பிடித்தது, லீக் கப் என்ற தனிப் போட்டியையும் வென்றது.

நூனோவின் வெற்றிகளில் விரிசல் அப்போதே தெரிந்தது. அந்த மூன்று கோலும் எப்படி வந்தன என்று பாருங்கள். மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஒரு எதிர்த்தாக்குதலில் தாக்குதல் வீரர் சோன் அடித்தது. வுல்வ்ஸுக்கு எதிராக டெலி அல்லியின் பெனால்டி. வாட்ஃபோர்டுக்கு எதிராகத் தூரத்திலிருந்து சோன் தூக்கிவிட்ட ஃப்ரீ கிக், யார் காலிலும் தலையிலும் படாமல் நேராக வலைக்குள் போனது. பந்தைக் கைவசம் வைத்து, பாஸ் பாஸாகக் கோர்த்து உருவாக்கிய கோல் ஒன்றுகூட இல்லை. அடுத்த மூன்று லீக் ஆட்டங்களில் கிரிஸ்டல் பேலஸ், செல்சி, ஆர்சனல் மூவரும் ஆளுக்கு மூன்று கோல் அடித்தார்கள்.

ஆகவே முதல் ஐந்து ஆட்டங்களில் புள்ளியை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாய்ப்புகள் ஒரே வழியில் திரும்பத் திரும்ப வருகின்றனவா, அல்லது ஒவ்வொன்றும் தனி அதிர்ஷ்டமா. இரண்டு, பந்தை இழந்த முதல் ஐந்து விநாடியில் எத்தனை பேர் பந்தை நோக்கி ஓடுகிறார்கள். மூன்று, அணியின் நீளம். கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதியின் ஆழம் 16.5 மீட்டர். பந்து எதிரணியிடம் இருக்கும்போது முன்னால் நிற்கும் நம் ஸ்ட்ரைக்கருக்கும் பின்னால் நிற்கும் கடைசி டிஃபெண்டருக்கும் நடுவே அதைப்போல இரண்டு மடங்குக்குள் இடைவெளி இருந்தால் அணி கட்டுக்கோப்பாக நிற்கிறது. அதைத் தாண்டினால் நடுவில் பெரிய ஓட்டை. புது மேனேஜர் 'மேலே ஏறி அழுத்து' என்கிறார், டிஃபென்ஸோ பழைய பழக்கத்தில் பின்வாங்குகிறது. ஆரம்ப ஆட்டங்களில் அதிகம் நடக்கும் கோளாறு இதுதான்.

பத்தாவது ஆட்டம் முடிந்தபின் பட்டியலைப் பாருங்கள். அப்போதும் யாரோடு, எங்கே ஆடினார்கள் என்பதைப் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்க்க வேண்டும். போன சீசனின் முதல் ஆறு அணிகளில் நான்கை வெளியூரில் சந்தித்தவருக்கும், கீழ் டிவிஷனிலிருந்து புதிதாக மேலே வந்த மூன்று அணிகளையும் சொந்த ஊரில் சந்தித்தவருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நியாயமே இல்லை.

கேள்வி: கோல்கீப்பர் பக்கத்திலேயே சின்ன பாஸ் போடுகிறார், பந்து பறிபோகிறது, கோல் விழுகிறது. ஆனாலும் மேனேஜர் விடமாட்டேன் என்கிறார். ஏன் இந்தப் பிடிவாதம்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. எதிரணி ஆறு பேரைக் கொண்டு மேலே வந்து அழுத்தினால், அவர்களுக்குப் பின்னால் அரை மைதானம் காலியாகிறது. அந்த அழுத்தத்தை இரண்டு பாஸில் தாண்டிவிட்டால் நேராகத் தாக்குதல்தான். 2019-இல் விதி மாறி, கோல் கிக்கை (கோல் பக்கத்திலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதை) பெனால்டி பகுதிக்குள்ளேயே சக வீரர் வாங்கலாம் என்று ஆனபிறகு இதற்கு வசதியும் கூடியது.

கோளாறு எங்கே வருகிறது என்பதற்கு, மேலே சொன்ன பிரென்ட்ஃபோர்ட் ஆட்டத்தின் இரண்டாவது கோலைப் போட்டுப் பாருங்கள். 18-ஆவது நிமிடம். கோல்கீப்பர் டி ஹெயா பெனால்டி பகுதியின் விளிம்பில் நின்ற மிட்ஃபீல்டர் எரிக்சனுக்கு நடுவாக ஒரு பாஸ் கொடுக்கிறார். எரிக்சனின் முகம் சொந்த கோலைப் பார்த்து, முதுகு எதிரணியைப் பார்த்து. பின்னால் பிரென்ட்ஃபோர்டின் யென்சன் ஒட்டிக்கொண்டு வருகிறார். திரும்ப இடமில்லை, பந்து போனது, கோல். தனியாக எரிக்சனைக் குறை சொல்வது தப்பு. இப்படிப் பின்னாலிருந்து பாஸ் போட்டு ஏற மூன்று பேர் தேவை: திரும்பாமல் ஒரே தொடுதலில் பந்தைத் திருப்பிவிடுகிறவர், அதை வாங்க முகம் முன்னே பார்த்து நிற்கும் மூன்றாமவர், சரியான காலுக்குச் சரியான வேகத்தில் பாஸ் போடும் கோல்கீப்பர். அன்றைக்கு அந்த மூன்றாமவர் இடத்தில் ஆளே இல்லை.

டென் ஹாக் இதற்குச் செய்த வைத்தியம் பாராட்டத்தக்கது. அடுத்து லிவர்பூலோடு ஆடியபோது டி ஹெயா பந்தை நீளமாக உதைத்தார். மக்வயர், ஷா, ரொனால்டோ வெளியே உட்கார்ந்தார்கள். வரான், மலாசியா உள்ளே வந்தார்கள். முன்னால் ராஷ்ஃபோர்ட் வேகமாக ஓடினார். 2-1 வெற்றி. அதோடு சேர்த்து லீகில் தொடர்ந்து நான்கு வெற்றி. கொள்கையைத் தள்ளிவைத்து, கையில் இருக்கும் ஆட்களுக்கு ஏற்றதை முதலில் ஆடினார். நல்ல மேனேஜருக்கு இது அழகு.

கேள்வி: 'எக்ஸ்ஜி' என்று திரையில் காட்டுகிறார்களே, ஒரே ஆட்டத்தின் எக்ஸ்ஜி-யை நம்பலாமா? (சேலம் வாசகர்)

பதில்: அடித்த இடம், கோணம், தலையா காலா என்பதையெல்லாம் வைத்து ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரை மதிப்பிட்டுக் கூட்டுவதுதான் எக்ஸ்ஜி (xG), அதாவது எதிர்பார்க்கப்படும் கோல். பெனால்டி என்றால் கிட்டத்தட்ட 0.78. ஒரு அணி ஒரே ஒரு பெனால்டி வாங்கியது, வேறு ஷாட் இல்லை, எக்ஸ்ஜி 0.78. இன்னொரு அணி தலா 0.1 மதிப்புள்ள எட்டு ஷாட் அடித்தது, எக்ஸ்ஜி 0.8. எண் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் முதல் அணி ஒரு கோல் அடிக்கும் வாய்ப்பு 78 சதவீதம், இரண்டாவது அணி ஒரு கோலாவது அடிக்கும் வாய்ப்பு 57 சதவீதம். அதே சமயம் இரண்டாவது அணி இரண்டு அல்லது அதற்கு மேல் அடிக்கவும் 19 சதவீத வாய்ப்பு உண்டு, முதல் அணிக்கு அது கிடையவே கிடையாது. பெனால்டியைக் கழித்துவிட்டு, ஐந்தாறு ஆட்டங்களைச் சேர்த்துப் பாருங்கள். முன்னணியில் இருக்கும் அணி கடைசி அரைமணி நேரம் பின்னால் போய் உட்கார்ந்தால் எதிரணியின் எக்ஸ்ஜி தானாக ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: மூன்று சென்டர்-பேக் (நடு டிஃபெண்டர்) முறையில் செல்சியில் அந்தோனியோ கோன்டே சாம்பியன் ஆனார். அதே முறையில் மான்செஸ்டர் யுனைடெட்டில் ரூபன் அமோரிம் ஏன் திணறினார்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: நல்ல ஒப்பீடு. முறை ஏறக்குறைய ஒன்று, சூழ்நிலை முழுக்க வேறு.

2016 செப்டம்பர் 24. ஆர்சனலிடம் செல்சி இடைவேளைக்குள் 0-3. இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் ஃபாப்ரெகாஸை வெளியே எடுத்து அலோன்சோவை இறக்கி, கோன்டே மூன்று பேர் டிஃபென்ஸுக்கு மாறினார். ஸ்கோர் மாறவில்லை. ஹல் அணியோடு ஆடிய அடுத்த ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே அதே முறை: வலப்பக்கம் அஸ்பிலிகுவேட்டா, நடுவில் டேவிட் லூயிஸ், இடப்பக்கம் கேஹில், ஓரங்களில் மோசஸும் அலோன்சோவும். தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை, தொடர்ந்து 13 வெற்றி, 93 புள்ளியோடு பட்டம். முந்தைய சீசனில் பத்தாம் இடம் என்பதால் அந்த ஆண்டு செல்சிக்கு ஐரோப்பியப் போட்டியே இல்லை. வாரம் முழுக்கப் பயிற்சிக்குக் கிடைத்தது. எதிரணி இல்லாமல் 11 பேரையும் நிறுத்தி, யார் எங்கே நகர வேண்டும் என்று திரும்பத் திரும்ப ஓடவிடுவது கோன்டேயின் வழக்கம். அதற்கு நாள் வேண்டும். அவருக்கு நாள் இருந்தது.

அமோரிம் யுனைடெட்டுக்கு வந்தது 2024 நவம்பரில், சீசன் நடுவில். இப்ஸ்விச்சில் முதல் ஆட்டம், இரண்டாவது நிமிடமே ராஷ்ஃபோர்ட் கோல், முடிவு 1-1. ஐரோப்பியக் கிளப் போட்டியான யூரோப்பா லீகும் கூடவே ஓடியது. வியாழன் ராத்திரி ஆடினால் வெள்ளி உடம்பைத் தேற்றுவது, சனி லேசான பயிற்சி, ஞாயிறு மறுபடி ஆட்டம். புது முறையைச் சொல்லித்தரும் நாள் எங்கே? ஓரத்தில் ஓடும் விங்-பேக் இடத்துக்குப் பழகிய ஆளும் இல்லை; இடப்பக்கத்துக்கு டோர்கு வந்ததே குளிர்காலத்தில் ஆட்களை வாங்கும் காலத்தின் கடைசியில்தான். இந்த முறையில் விங்-பேக் தாக்கும்போது விங்கர் (ஓரத் தாக்குதல் வீரர்), தற்காக்கும்போது ஐந்தாவது டிஃபெண்டர். வழக்கமான ஃபுல்-பேக்கை (ஓர டிஃபெண்டர்) அங்கே போட்டால் மேலே போகத் தயங்குவார், விங்கரைப் போட்டால் திரும்பி ஓட மறப்பார். இரண்டிலும் நடுவில் இருக்கும் இரண்டு மிட்ஃபீல்டர்களின் தலையில்தான் விடியும். அந்த சீசனில் அவர் நடத்திய 27 லீக் ஆட்டங்களில் 27 புள்ளி. மொத்தம் 42 புள்ளியோடு 15-ஆம் இடம்.

முறையின் மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை. ஆள், நாள் இரண்டும் இல்லாத இடத்தில் அதே முறையைத்தான் ஆடுவேன் என்றதைக் கேள்வி கேட்கலாம்.

கேள்வி: நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் மேனேஜர் போஸ்டகோக்லூவை 39 நாளில் அனுப்பினார்களே, அது அநியாயம் இல்லையா? இப்படிச் சீக்கிரம் மாற்றினால் பலன் உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: நியமித்ததுதான் பெரிய தவறு. 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி பொறுப்பேற்றார். ஆட்களை வாங்கும் காலம் ஏற்கெனவே முடிந்திருந்தது. முந்தைய சீசனில் ஏழாம் இடம் பிடித்த அணி அது, பின்னால் நின்று எதிர்த்தாக்குதலில் வாழப் பழகியது. அதனிடம் டிஃபென்ஸை நடுக்கோடு வரை ஏற்றி ஆடச் சொன்னார். செப்டம்பர் 13 முதல் அக்டோபர் 5 வரை, 23 நாளில் ஏழு ஆட்டம். எட்டாவதில் செல்சியிடம் 0-3, அன்றைக்கே நீக்கம். எட்டில் வெற்றி இல்லை, இரண்டு டிரா. உயரமான டிஃபென்ஸ் கோட்டில் ஒருவர் அரை விநாடி பிந்தினாலும், கோட்டைத் தாண்டி நிற்கும் எதிரணி வீரரைச் சிக்கவைக்கும் ஆஃப்சைடு பொறி உடைந்துவிடும். அந்த ஒத்திசைவைப் பயிற்சி மைதானத்தில்தான் உண்டாக்க முடியும்.

சீக்கிரம் மாற்றினால் பலன் உண்டா என்றும் கேட்கிறீர்கள். 2017-இல் கிரிஸ்டல் பேலஸ் ஃபிராங்க் டி போரை நாலே லீக் ஆட்டத்தில் அனுப்பியது. நாலிலும் தோல்வி, ஒரு கோலும் இல்லை. அடுத்து வந்த ராய் ஹாட்ஜ்சனும் முதல் மூன்றைக் கோல் இல்லாமல் தோற்றார். அக்டோபர் 14-இல் நடப்புச் சாம்பியன் செல்சியை 2-1 என்று ஜெயித்துக் கணக்கைத் தொடங்கினார்கள். 44 புள்ளி, 11-ஆம் இடம். பழகிய 'நான்கு பேர் டிஃபென்ஸ்' முறைக்குத் திரும்பியது அங்கே உதவியது.

கேள்வி: லிவர்பூலில் ஆர்னே ஸ்லாட் முதல் சீசனிலேயே பட்டம் வென்றது அதிர்ஷ்டமா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. முந்தைய மேனேஜர் க்ளாப் விட்டுச்சென்ற அணி நன்றாக இருந்தது, அதை அவர் கலைக்கவில்லை. 2024 கோடையில் அப்போதே களமிறக்க வாங்கிய ஒரே வீரர் கியேசா. வாங்க நினைத்த மிட்ஃபீல்டர் சூபிமெண்டி வர மறுத்தபின், இருக்கிற கிராவன்பெர்கையே டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். அந்த இடம்தான் சீசனையே தீர்மானித்தது. முதல் ஆட்டத்தில் இப்ஸ்விச்சோடு 0-0 என்றிருந்தபோது, நேருக்கு நேர் மோதல்களில் பந்து போகிறதென்று இடைவேளையில் குவான்சாவை எடுத்துக் கொனாட்டேயை இறக்கினார்; 2-0 வெற்றி. நான்காவது ஆட்டத்தில் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டிலேயே ஃபாரஸ்டிடம் 0-1 தோல்வி. சர்வதேச ஆட்ட இடைவெளி முடிந்த முதல் சனிக்கிழமை அது, பல நாடுகளுக்குப் போய்த் திரும்பிய கால்கள். அதற்குப்பின் அடுத்த லீக் தோல்வி ஏப்ரல் 6-இல் ஃபுல்ஹாமிடம்தான். முடிவில் 84 புள்ளி.

கேள்வி: நம் நேரப்படி ஆட்டங்கள் எப்போது? திடீரென்று ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறதே? (வேலூர் வாசகர்)

பதில்: அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்து நேரத்தோடு நாலரை மணி நேரம் கூட்டுங்கள். சனிக்கிழமை ஆட்டங்கள் மாலை 5, இரவு 7.30, இரவு 10. ஞாயிறு மாலை 6.30, இரவு 9. அந்த ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைப்பார்கள். அன்றிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும், சனிக்கிழமை இரவு 7.30 ஆட்டம் 8.30 ஆகிவிடும். டிவி ஒளிபரப்புக்காக ஆட்ட நாளையே மாற்றுவதும் உண்டு என்பதால், ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் கிளப்பின் அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.