பதினோரு லைக்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. சோமேஸ்வரர் கோயிலில் பாவாடை தாவணியில் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டாள். 11 லைக்தான் வந்தது என்று ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டாள். ராத்திரி ஒரு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. அவள் அப்பா போன வாரம் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கணவரின் கோபம் புரிகிறது. ஆனால் நாளைக்கு எவனோ ஒருவன் அவள் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டினால் அவள் யாரிடம் ஓடி வருவாள்? சொன்னால் போன் போய்விடும் என்று பயப்படும் பிள்ளை வாயைத் திறக்காது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

அந்தப் பதினோரு லைக்கை அற்பமாக நினைக்காதீர்கள். நாமும் தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நாலு பேர் “நல்லா இருக்கே” என்று சொல்ல மாட்டார்களா என்று தெருவில் நடந்தவர்கள்தான். நமக்கு அது அன்று சாயங்காலத்தோடு முடிந்தது. அவளுக்கோ எண்ணிக்கை படத்துக்குக் கீழேயே நிற்கிறது, வகுப்பே பார்க்கிறது. இதில் அவள் குறை எதுவும் இல்லை. தங்கள் உடலைப் பற்றி மனம் நொந்திருந்த நேரத்தில் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று 32 சதவீத டீன் ஏஜ் பெண்கள் சொன்னதாக, இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே இருந்தது. 2021-ல் அது வெளியே வந்தது. லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியும் அதே ஆண்டு வந்தது. அதை எப்படி வைப்பது என்று அவளையே உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

தூக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லா போனும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும், அப்பாவுடையதும்தான். அவர் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு மகளைத் தடுத்தால் அது எடுபடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இன்ஸ்டாகிராம் தரும் டீன் அக்கவுண்டில் இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் நிறுத்தப்படும். பிறந்த வருடத்தை மாற்றிக் கொடுத்திருந்தால் அது வேலை செய்யாது. திட்டாமல் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாடு குறைந்தாலோ, பள்ளிக்கே போக மாட்டேன் என்றாலோ, ‘வாழவே பிடிக்கவில்லை’ என்ற பேச்சு வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் சார்பில், போன் பழக்கத்தால் அவதிப்படுகிறவர்களுக்கென்றே 2014 முதல் ‘ஷட்’ கிளினிக் நடக்கிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும், இலவசமாக, தமிழிலும் பேசலாம்.

அந்தக் கோயில் படம் அவள் போனில் இன்னும் இருக்கும். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, “எனக்கு அதை அனுப்பு கண்ணு, அம்மாவுக்கு வேணும்” என்று கேளுங்கள்.